காதுப் பக்கத்தால் போன தந்தி

தொலைபேசி வழியாக வரும் தந்தியைப் பெறும் உத்தியோகத்தர், அதை எழுதி முடித்ததும், முகவரியிலிருந்து அனுப்பியவர் பெயர் வரை ஒரு சொல்லும் விடாமல் மறுமுனைக்குத் திருப்பி வாசித்துக்காட்ட வேண்டும். அவ்வாறு வாசித்துக்காட்டப்படாத தந்தி பெறப்பட்டதாகக் கொள்ளப்படமாட்டாது. கைநூலில் விதி இப்படித்தான் இருந்தது. நல்ல விதி. தலைமைக் கந்தோர் எழுதிய விதிகளுள் அறிவோடு எழுதப்பட்டவை நாலைந்து உண்டு. அவற்றில் இது ஒன்று. இதை எழுதியவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பெறுபவரின் தொலைபேசிக்குப் பேச வருமா என்று அவர் கேட்டுவைக்கவில்லை.

நான் தபால் அதிபராக இருந்த தீவின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் கந்தோரில் யாராவது ஒரு கோவை திறந்து கடிதங்களை அடுக்கத் தொடங்குவார்கள். காரைநகர் போலக் கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதித் தெருவால் ஒட்டிக்கொண்ட தீவு அல்ல என்று சொன்னால் போதும். கடல் இடங்கொடுத்தால் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகு வரும், இல்லாவிட்டால் வராது.

1956இல் நான் அங்கே பொறுப்பேற்றபோது தபால் கந்தோரின் சுவரில் தொலைபேசியாக ஒரு மரப்பெட்டி இருந்தது. முன்பக்கத்தில் கறுப்பு வாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இடப்பக்கக் கொழுவியில் கேட்கும் குழல் தொங்கும். வலப்பக்கத்தில் ஒரு கைபிடி. அதை நாலு சுற்றுச் சுற்றினால் அக்கரை எக்ஸ்சேஞ்சின் பலகையில் ஒரு சிறு தகடு விழும். ஒப்பரேற்றர் அதைக் கண்டு கதைக்க வருவார். பெட்டிக்குள் இரண்டு பற்றறிகள் இருந்தன. எங்கள் குரலைக் கடலுக்கடியால் தள்ளிக்கொண்டு போனவை அவைதான். வாய்க்குள் கரித்தூள். மாரி காலத்தில் அது ஈரம் பிடித்துக் கட்டிபட்டுவிடும். "அண்ணை, தட்டுங்கோ, தட்டுங்கோ" என்று எதிர்முனையில் குரல் எழும்பும். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும்.

வாயின் உயரம் ஆறடி வெள்ளைக்கார உத்தியோகத்தர் ஒருவருக்கு அளந்து பூட்டியது. அவர் போய்விட்டார், உயரம் போகவில்லை. ஆட்கள் மண்ணெண்ணெய்ப் பெட்டியொன்றின்மேல் ஏறிநின்றுதான் கதைத்தார்கள். தெற்கே கடை வைத்திருந்தவர்களின் மனைவிமார் சேலைத் தலைப்பால் அந்த வாயை நன்றாகத் துடைத்துவிட்டே புருஷனோடு கதைக்கத் தொடங்குவார்கள். கச்சேரியின் அரசாங்க அதிகாரியோடு கதைக்க வந்தவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். மறுமுனையில் இருந்தவருக்கு அது தெரியப்போவதில்லை. தெரிந்தாலும் உட்காரக் கதிரை கொடுத்திருக்கமாட்டார்.

அந்தப் பெட்டியை நான் அறிவேன். அதன் பரம்பரையையும் அறிவேன். கொழும்பில் எங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் சுவரில் ஐந்து படங்களை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். முதலாவது, தொலைபேசி பிறந்த காலத்துக் கருவி. ஒரே ஒரு குழல். அதையே வாயில் வைத்துக் கதைக்கவேண்டும். பிறகு அதையே காதில் வைத்துக் கேட்கவேண்டும். பற்றறியே இல்லை. குரல் ஒரு மெல்லிய தகட்டை அசைக்கும். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் காந்தமும் கம்பிச் சுருளும் அந்த அசைவை மின்னாக்கும். இரண்டாவது படத்தில் வாயும் காதும் பிரிந்துவிட்டன. வாய்க்குக் கரித்தூளும் பற்றறியும் கிடைத்தன. மூன்றாவது எங்கள் மரப்பெட்டி. நாலாவது, மெழுகுதிரித் தண்டு போல மேசையில் நிற்பது. ஐந்தாவது, வாயையும் காதையும் மறுபடி ஒரே ரிசீவரில் பூட்டிய கறுப்புக் கருவி. அதன் முகத்தில் எண் போட்ட சக்கரம் இருந்தது. கைபிடியும் இல்லை, பற்றறியும் இல்லை. வேண்டிய மின் முழுவதும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும். வகுப்பு நடத்தியவர் பிரம்பால் படங்களை இடமிருந்து வலமாகத் தட்டிக்கொண்டு போய், "முன்னேற்றம்" என்றார். வகுப்பு முடிவில் நடந்த பரீட்சையில் நான் முதலாவதாக வந்தேன். தீவில் இதை அறியாதவர்கள் ஒருவரும் இல்லை, நான் விட்டுவைக்கவில்லை.

1963இல் முன்னேற்றம் எங்கள் தீவுக்கு லோஞ்சில் வந்து இறங்கியது. அதோடு ஒரு லைன்மனும் வந்தார். ஐம்பது வயது இருக்கும், தொழில் தெரிந்தவர். மரப்பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வைக்கோலுக்குள்ளிருந்து பளபளக்கும் கறுப்புத் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தார். அந்த ஐந்தாவது படம்.

"உதுக்குக் கைபிடி எங்கை?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. சக்கரந்தான்."

"சக்கரத்தைச் சுத்தினா எக்ஸ்சேஞ்சிலை என்ன நடக்கும்?"

"ஒண்டும் நடவாது. அங்கை இன்னும் பழைய பலகைதானே."

"பற்றறி?"

"உள்ளுக்கை இல்லை. எக்ஸ்சேஞ்சிலையிருந்து கரண்ட் வரவேணும்."

"வருமோ?"

"வராது."

"அப்ப?"

"மணி அடிக்கும் ஐயா. எடுத்தா நல்லாக் கேக்கும். கதைக்கத்தான் ஏலாது."

"இதெல்லாம் தெரிஞ்சுகொண்டோ பூட்டுறீர்?"

அவர் சேட்டுப் பையிலிருந்து கட்டளைத் தாளை எடுத்து நீட்டினார். பழையதைக் கழற்றித் திருப்பி அனுப்பவும், புதியதைப் பொருத்தவும் என்று இருந்தது. "கதைக்கோணும் எண்டு இதிலை எழுதேல்லை ஐயா" என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. பின்னேர லோஞ்சில் மரப்பெட்டியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்படியாக எங்கள் தீவுக்குக் கேட்பதற்கு மட்டும் உரிமை கிடைத்தது. ஆட்கள் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவென்றே கந்தோருக்கு வரத் தொடங்கினார்கள். கொழும்பிலிருந்து விடுமுறையில் வந்த கடைக்காரர் ஒருவர், இதெல்லாம் எங்களுக்குத் தண்ணிபட்ட பாடு என்ற முகத்தோடு ரிசீவரை எடுத்து ஆறு எண் சுற்றினார், ஒன்றும் கேட்கவில்லை, பழுதான விரலைப் பார்ப்பதுபோல் தன் விரலைப் பார்த்தார். 'இதைச் சுழற்றுவதால் ஒரு பயனும் இல்லை' என்று ஒரு மட்டையில் எழுதிப் பக்கத்தில் வைத்தேன். திணைக்களத்தின் பொருளொன்றின் அருகே திணைக்களத்தைப் பற்றிய முழு உண்மையை எழுதி வைத்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு முறைப்பாடு எழுத உட்கார்ந்தேன். என் உத்தியோக காலத்தில் நான் எழுதிய மிகச் சிறந்த கடிதம் அது என்று அப்போது நம்பினேன். கருவியின் அமைப்பு, எக்ஸ்சேஞ்சின் அமைப்பு, இரண்டுக்கும் உள்ள பொருத்தமின்மை எல்லாவற்றையும் பந்தி பந்தியாக விளக்கி, முடிவில் இப்படி எழுதினேன்: "ஆகவே இக்கருவியினால் எவ்வகையிலும், எச்சந்தர்ப்பத்திலும், ஒரு சொல்லையேனும் வெளியே அனுப்ப இயலாது." வாசித்துப் பார்த்தேன். மாற்ற ஒன்றுமில்லை. ஐந்து இடங்களுக்குப் பிரதி அனுப்பினேன். பாடசாலைத் தந்திகளும் தடைப்படுமே என்ற அக்கறையில் கல்விக் கந்தோருக்கும் ஒன்று. அக்கறை என்று இப்போது சொல்கிறேன். என் நடையை நாலுபேர் பார்க்கட்டும் என்பதுதான் காரணம்.

முறைப்பாடு கொழும்பில் கிடக்க, அக்கரை ஒப்பரேற்றரும் நானும் லோஞ்சில் துண்டெழுதி அனுப்பி எங்களுக்குள் ஒரு வழி செய்துகொண்டோம். ஏழு வருடங்களாக நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை, குரல்தான் பழக்கம். தந்தி வந்தால் மணி அடிப்பார். நான் எடுத்திருப்பேன் என்ற நம்பிக்கையில் ஊமைக் கம்பிக்குள் வாசிப்பார். நான் திருப்பி வாசிக்க முடியாததால் அது பெறப்படாத தந்தி. அதனால் கடதாசியில் ஒரு பிரதி எழுதி அடுத்த லோஞ்சில் அனுப்புவார். அது வந்து சேர்ந்த பிறகே தந்தி, தந்தி ஆகும். காலை எட்டு மணிக்கு நாளாந்தம் லைனைப் பரிசோதிக்கவேண்டும் என்று இன்னொரு விதி. எட்டுக்கு மணி அடிப்பார். "காலமை வணக்கம் அண்ணை, லைன் சரி" என்பார். என் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிடுவார். எங்கள் லைன் நல்ல நிலையில் இருப்பதாக அங்கே பதிவேட்டில் நாள் தவறாமல் எழுதப்பட்டது.

அந்த வருடம் கார்த்திகையில் ஒரு புதன்கிழமை பின்னேரம் மணி அடித்தது. வாடைக்காற்று தொடங்கி இரண்டாம் நாள்.

"அண்ணை, கேக்கிறியள் எண்டு நினைச்சு வாசிக்கிறன்" என்று தொடங்கினார் ஒப்பரேற்றர்.

தந்தி கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு. இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பரீட்சையில் சித்தியடைந்து மூன்று வருடமாகக் காத்திருந்தவள். வன்னியில் ஒரு பாடசாலைக்கு அவளை நியமித்திருந்தார்கள். ஏற்றுக்கொள்வதாக வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு முன் தந்தி கிடைக்கவேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் போகும்.

"கடதாசிப் பிரதியை லோஞ்சிலை விடுறன்" என்று சொல்லி முடித்தார். "ஆனா லோஞ்ச் ஓடாது போலை கிடக்கு."

ஓடாது என்று எனக்கும் தெரியும். அவள் வீட்டு நிலையும் தெரியும். தகப்பன் கடற்றொழில். கண்ணில் புரை விழுந்து வலையைக் கையால் தடவி இழுக்கும் நிலைக்கு வந்துவிட்டவர். அவளுக்குக் கீழே இரண்டு தங்கச்சிமார். அவள் சம்பளம் எடுத்தால்தான் அந்த மனிதர் கடலை விடலாம்.

விதிப்படி தந்தி இன்னும் பெறப்படவில்லை. பெறப்படாத தந்தியைத் தந்திப் படிவத்தில் எழுதிக் கொடுக்க ஏலாது. வெறும் தாள் ஒன்றில் எழுதி ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டேன். நின்றபடியே வாசித்தாள்.

"இது தந்தியோ ஐயா?"

"இல்லை. தந்தியிலை இருக்கிற விஷயம்."

"அப்ப தந்தி எங்கை?"

"அது இன்னும் வரேல்லை."

"விஷயம் வந்திட்டுது, தந்தி வரேல்லை." தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். "நீங்கள் சுகமாத்தான் இருக்கிறியளோ ஐயா?"

விளக்கினேன். மரப்பெட்டி, பற்றறி, எக்ஸ்சேஞ்ச் எல்லாம். பொறுமையாகக் கேட்டாள். "உங்கடை விளக்கம் நல்ல விளக்கம். எனக்கு வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ளை மூண்டு சொல்லு அக்கரைக்குப் போகோணும்" என்றாள்.

வியாழன் காலை எட்டு மணிக்கு முன்பே வந்துவிட்டாள். தகப்பனும் வந்தார். மணி அடித்தது. "காலமை வணக்கம் அண்ணை—" என்ற குரல் கேட்டதும், செத்த வாய்க்குள் என் பலத்தையெல்லாம் கூட்டிக் கத்தினேன். பரீட்சையில் முதலாவதாக வந்தவன் செய்த காரியம் இது. கரண்ட் இல்லாத கரித்தூள் எவ்வளவு கத்தினாலும் கேட்காது என்று ஐந்து பந்தியில் எழுதியவனும் நானே. "—லைன் சரி" என்று அவர் வைத்துவிட்டார்.

தகப்பன் வாசலைப் பார்த்தார். "நாளைக் காலமையும் இப்பிடியெண்டா நான் பாய் வள்ளத்திலை போறன்" என்றார்.

"கண் தெரியாமல் இந்தக் காத்திலை நீங்கள் போறதெண்டா எனக்கு உத்தியோகம் வேண்டாம்" என்றாள் மகள்.

"நீ வாயை மூடு."

"ஓம், நான் மூடுறன், ரெலிபோனும் மூடியிருக்கு, எல்லாரும் மூடிக்கொண்டிருப்பம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "எங்கடை சித்தப்பா மாதிரிக் கிடக்கு உங்கடை சாமான். கலியாணம் முடிச்ச நாளிலையிருந்து கேக்கிறதுதான், கதைக்கிறதில்லை. வாய் செத்துப்போச்செண்டாக் காதாலை கதையுங்கோவன் ஐயா. கொழும்புப் பரீட்சையிலை நீங்கள்தானே முதலாவது!"

கேலிக்குத்தான் சொன்னாள். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். வகுப்பறைச் சுவரின் முதலாவது படம் கண்ணுக்குள் வந்தது. ஒரே குழல், அதிலேயே கதைப்பது, அதிலேயே கேட்பது. பற்றறி தேவையில்லை. ஐந்தாவது படத்தின் காதுப் பக்கத்துக்குள் இருப்பதும் அதே தகடும் காந்தமும் சுருளுந்தான். முதலாவது கருவி எங்கும் போய்விடவில்லை. ஐந்தாவதற்குள் காதாக ஒளிந்திருந்தது. பிரம்பால் தட்டி முன்னேற்றம் என்றவர் இதைச் சொல்லவில்லை. பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பேன். கேட்காததால் ஐந்து வாரமாக யோசிக்கவில்லை.

அன்று பகல் கைநூலை எடுத்துப் பார்த்தேன். கருவியைத் திறக்கவோ மாற்றவோ உத்தியோகத்தருக்கு அதிகாரம் இல்லை. ரிசீவரை எந்தப் பக்கமாகப் பிடிக்கவேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. மனம் சமாதானமாயிற்று.

வெள்ளி காலை மழை. தகப்பன் தன் வள்ளத்தின் துடுப்பான சவளை வாசல் சுவரில் சாத்திவிட்டு நின்றார். மழைக்கு ஒதுங்கிய ஐந்தாறு பேரும் நின்றார்கள். மணி அடித்தது. ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்து, காதுப் பக்கத்தை உதட்டில் ஒட்டிக் கத்தினேன்.

"வையாதையும்! நில்லும்!"

திருப்பிக் காதில் வைத்தேன். காற்றின் இரைச்சலுக்குள் அவர் குரல். "...ஆரோ கதைக்கினம். ஆரது?"

"நான்தான்!"

"எந்த நான்?"

"தீவு! தபால் கந்தோர்!"

"அண்ணையோ! உங்களுக்குக் கதைக்க ஏலாதெல்லோ! எதாலை கதைக்கிறியள்?"

"காதாலை!"

"என்னது?"

"காதாலை!"

ஒதுங்கி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நல்ல தொழிலாளி. "காதடியிலை நுளம்பு கத்திற மாதிரிக் கேக்குது அண்ணை. ஒவ்வொரு சொல்லா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்றார்.

நான் தொடங்கினேன், புதன்கிழமைத் தந்தியிலிருந்து. முகவரி, பாடசாலையின் பெயர், நாலு மணி, அடுத்தவர்.

"ஐயா!" என்றாள் அவள். "ஏற்கிறன் எண்டு சொல்லுங்கோவன்! அது வந்த தந்தியெல்லோ!"

கையை உயர்த்தி அவளைத் தடுத்தேன். திருப்பி வாசிக்காத தந்தி பெறப்படாத தந்தி. பெறப்படாத தந்திக்குப் பதில் அனுப்புவது எப்படி? ஒரு சொல்லும் விடாமல் வாசித்து முடித்தேன். அவள் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அதன் பிறகே அவளுடைய பதிலைச் சொன்னேன். நியமனத்தை ஏற்கிறேன், குறித்த நாளில் வருவேன். ஒரு சொல்லுக்கு மூன்று தடவை. வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து வாய்க்கு. குரல் கம்மிப்போயிற்று. அவர் திருப்பி வாசித்தார். "சரியோ அண்ணை?"

திருப்பிப் பிடித்து, "சரி!" என்றேன்.

தகப்பன் சவளைத் தோளில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். தை பிறந்து அவள் வன்னிக்குப் போனாள்.

கதை இதோடு முடிந்திருக்கவேண்டும். நான் நல்ல கடிதம் எழுதுகிறவனாக இல்லாதிருந்தால் முடிந்திருக்கும்.

பட்டியலில் அடுத்த இடத்தில் இருந்தவருக்கு ஒரு தகப்பன் இருந்தார். பட்டினத்தில் செல்வாக்குள்ளவர். அவர் கல்விக் கந்தோரில் விசாரிக்க, யாரோ ஒரு எழுதுவினைஞர் மேசை லாச்சியைத் திறந்து என் முறைப்பாட்டின் பிரதியை எடுத்துக் கொடுத்திருக்கிறார். எவ்வகையிலும், எச்சந்தர்ப்பத்திலும், ஒரு சொல்லையேனும். தபால் அதிபரே கையொப்பமிட்டுச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த வெள்ளிக்கிழமை தீவிலிருந்து வந்த தந்தி எது? வேறு யாரோ அக்கரையிலிருந்து அவள் பெயரில் கொடுத்த பொய்த் தந்தியாகத்தானே இருக்கவேண்டும்?

பங்குனியில் கல்விக் கந்தோரின் கடிதம் வந்தது. குறித்த கருவியினால் பேச முடியுமா என்பதைத் தொலைபேசிப் பகுதி உறுதிப்படுத்தும் வரை நியமனம் தற்காலிகமானது. தற்காலிக ஆசிரியருக்கு இடமாற்றம் இல்லை. ஒரு மாத அறிவித்தலில் வீட்டுக்கு அனுப்பலாம்.

நான் உடனே எழுதினேன். என் முன்னைய கடிதத்தில் 'எவ்வகையிலும்' என்றது தவறு என்றும், காதுப் பக்கத்தால் பேசலாம் என்றும், தொலைபேசியின் தொடக்க வரலாற்றைச் சுருக்கமாகச் சேர்த்தும் எழுதினேன். இரண்டு கடிதங்களும் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன, எது சரியானது என்று கேட்டு எழுதினார்கள். பின்னையது என்றேன். முன்னையதை எழுதியபோது சுகயீனமாக இருந்தீரா என்று கேட்டார்கள்.

அடுத்த ஆவணியில் பழைய லைன்மன் வந்தார். கைபிடியும் பற்றறியும் உள்ள மேசைத் தொலைபேசி ஒன்றைத் தானாகவே எங்கிருந்தோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்திருந்தார். பூட்டிவிட்டுச் சக்கரக்காரனைச் சாக்கில் போட்டார். "இதுக்கு ஓடர் இருக்கோ?" என்று கேட்டேன். "நீங்கள் ஒண்டும் எழுதாமல் இருந்தாச் சரி ஐயா" என்றார். எழுதவில்லை. என் உத்தியோக காலத்தில் நான் எழுதாமல் விட்ட ஒரே கடிதம் அதுதான். அதனால்தான் தீவுக்குத் திரும்பவும் வாய் கிடைத்தது.

ஆனால் இப்போது பரிசோதித்துப் பார்க்கக் கருவியும் இல்லை. கருவி எங்கே என்று கேட்டார்கள். களஞ்சியத்தில் என்றேன். களஞ்சியம் இல்லை என்றது. தந்தி என்பது தபாலுக்குரிய விடயம் என்றது தொலைபேசிப் பகுதி. கருவி என்பது தொலைபேசிக்குரிய விடயம் என்றது தபால் பகுதி. ஒப்பரேற்றரிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். தெளிவாகக் கேட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தார். குரல் எந்தத் துவாரத்தினால் வந்தது என்பதை மறுமுனையில் இருந்தவர் அறிந்திருக்க இயலாது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். இதை யோசித்தவரை ஒருநாள் நேரில் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். பதில்கள் சிங்களத்தில் மட்டும் வரத் தொடங்கின. மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால் நாலு மாதம். நாட்டில் ஞாயிறு விடுமுறையே போய் நிலவின் கணக்கில் வரும் போயா விடுமுறை வந்தது. கோவை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

ஒவ்வொரு தவணை விடுமுறைக்கும் அவள் கந்தோருக்கு வருவாள். வன்னி வெயிலில் கறுத்து, ஒவ்வொரு முறையும் சற்று மெலிந்து வந்தாள்.

"பதில் வந்ததோ ஐயா?"

"இல்லைப் பிள்ளை. நினைவூட்டல் அனுப்பியிருக்கிறன்."

"எத்தினையாவது?"

எண்ணிக்கையைச் சொல்வேன். தலையாட்டுவாள். "கடிதம் எழுதுறதிலை உங்களை ஒருத்தரும் மிஞ்சேலாது ஐயா" என்பாள். முதல் வருடத்தில் அது கேலி. பிறகு பிறகு வெறும் களைப்பு. நான்காம் வருடம் தகப்பனின் கண் முற்றாகப் போயிற்று. எங்களுக்குக் கிட்டவாகச் சரவணை என்ற ஊர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இடம் இருந்தது. கிடைத்திருந்தால் கிழமைக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வந்திருக்கலாம். தற்காலிக ஆசிரியர் விண்ணப்பிக்க ஏலாது. அந்த விடுமுறையில் அவள் பதில் வந்ததோ என்று கேட்கவில்லை. முத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் இவ்வளவு காலம் அதை நினைத்திருக்கமாட்டேன்.

அதற்கடுத்த வருடம் கடலடிக் கம்பியைப் பார்க்க ஓர் இளம் பொறியியலாளர் வந்தார். தேநீர் கொடுத்து, ரிசீவரின் காதுப் பக்கத்தால் பேச முடியுமா என்று கேட்டேன்.

"ஓம், கதைக்கலாம்தானே" என்றார், பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடி. "சத்தம் குறைவாயிருக்கும். அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமெல்லோ?"

"அதை எழுதித் தாரும்."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே ஐயா. கேட்டா எழுதுவன்."

அந்தக் கேள்வி ஐந்து வருடமாகத் திணைக்களத்தின் எல்லா மேசைகளுக்கும் போயிருந்தது, விடை தெரிந்தவனின் மேசையைத் தவிர. அவரிடம் கேட்கும்படி அன்றே எழுதினேன். கொழும்பிலிருந்து புறப்பட்ட அந்தக் கேள்வி யாழ்ப்பாணத்தில் அவரிடம் போய்ச்சேர ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

பதில் ஒருநாள் காலை லோஞ்சில் வந்தது. பிரதி கல்விக் கந்தோருக்கு என்று அடியில் இருந்தது. உள்ளே இரண்டு வசனங்கள்: "மேற்படி கருவியின் கேட்கும் பகுதியினுள் பேசினால் மறுமுனையில் கேட்கும். இது தொலைபேசி தோன்றிய காலந்தொட்டு அறியப்பட்ட விடயம்."

கைபிடியை நாலு சுற்றுச் சுற்றினேன். அதே ஒப்பரேற்றர். அவருக்கும் நரைத்திருக்கும், எனக்குத் தெரியாது. வன்னிக்கு ஒரு தந்தி என்றேன். பெயரைச் சொன்னதும், "அந்தப் பிள்ளைக்கோ!" என்றார்.

"ஓம். எழுதும். பதில் வந்தது. பேசலாமாம். சரவணைக்கு விண்ணப்பிக்கவும்."

அவர் முகவரியிலிருந்து தொடங்கி ஒரு சொல்லும் விடாமல் திருப்பி வாசித்தார்.

"சரி" என்றேன், வாய்ப் பக்கத்தால்.

"திகதி என்ன போட அண்ணை?"

"1970 ஜூன் 9."